ஓராண்டு முழுவதும் தொழிற்சாலையில் பயிற்சி: மூன்று மாதம் போதாதா?

கேள்வி: பட்டறைப் புதியவன்

வணக்கம். இயந்திரப் பொறியியல் பட்டப்படிப்பில் இறுதி ஆண்டு மட்டும் எனக்கு மீதமிருக்கிறது. அதில் நுழையும் முன், விரும்புகிறவர்கள் பன்னிரண்டு மாதம் ஒரு தொழிற்சாலையில் ஊதியத்துடன் வேலை செய்துவிட்டுத் திரும்பலாம் என்று எங்கள் துறை அனுமதிக்கிறது. ஒரு நிறுவனத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. போவதா வேண்டாமா என்றுதான் முடிவெடுக்க முடியவில்லை.

என்னுடன் படிப்பவர்களில் பெரும்பாலோர் விடுமுறையில் மூன்று மாதப் பயிற்சியை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். நான் திரும்பி வரும்போது அவர்கள் பட்டம் பெற்றுப் போயிருப்பார்கள்; முன்பின் பழகாத ஒரு வகுப்பில் நான் புதியவனாக உட்கார்ந்திருப்பேன். மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ள முடியாத எதை மீதி ஒன்பது மாதம் கற்றுத்தரும் என்பது என் முதன்மையான கேள்வி. ஓராண்டு கணக்கையும் பாடப்புத்தகத்தையும் தொடாமல் இருந்துவிட்டு இறுதி ஆண்டின் கடினமான பாடங்களை எப்படிச் சமாளிப்பது என்ற பயமும் இருக்கிறது. இதற்கெல்லாம் மேலாக, பயிற்சி மாணவர்களுக்கு உருப்படியான வேலை எதுவும் தரமாட்டார்கள், எண்களை அட்டவணையில் ஏற்றுவதும் கோப்புகளை அடுக்குவதுமாகவே நாள்கள் கழியும் என்று எனக்கு முன்னால் போய்வந்த ஒருவர் எச்சரித்தார்.

ஓராண்டுப் பயிற்சியை முழுமையாக முடித்தவர்கள், பொதுவான ஊக்க மொழிகளாக இல்லாமல், அந்த ஆண்டில் உண்மையில் என்ன நடந்தது என்பதை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: எண்ணெய்க்கறை

நான் மசகு எண்ணெயைக் கலந்து டின்களில் அடைக்கும் ஓர் ஆலையில் பன்னிரண்டு மாதம் இருந்தேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு நிகழ்ச்சிதான். அது தொடங்கியது மூன்றாம் மாதத்தில், முடிந்தது பத்தாம் மாதத்தில். மூன்று மாதப் பயிற்சிக்குப் போயிருந்தால் அதன் தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பேன்.

முதல் ஆறு வாரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாதுகாப்பு வகுப்புகள், நுழைவு அட்டை, அளவு பொருந்தாத பாதுகாப்புக் காலணி, அதன் பிறகு ஆலையின் குழாய் வரைபடத்தைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு குழாயையும் தொட்டியிலிருந்து நிரப்பும் இயந்திரம் வரை நடந்தே தொடர்ந்து பார்க்கச் சொன்னார்கள். அப்போது அது பொழுதுபோக்காகக் கொடுத்த வேலை என்று எனக்குத் தோன்றியது. வரைபடத்தில் இருந்து குழாயில் இல்லாத ஒரு வால்வையும், குழாயில் இருந்து வரைபடத்தில் இல்லாத இரண்டு வால்வுகளையும் கண்டுபிடித்த நாளில்தான், அச்சிட்ட தாளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது புரிந்தது.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில், ஒரு லிட்டர் டின்களின் எடை ஏன் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்குகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். அந்த இயந்திரம் பிஸ்டனால் கன அளவைப் பார்த்து ஊற்றும். நாங்கள் தராசில் சரிபார்ப்பதோ எடையை. அரை மணிக்கு ஒரு முறை ஆபரேட்டர் ஒரு டின்னை எடுத்து எடை போடுவார். நான்கு கிராம் குறைந்தால் பிஸ்டனின் வீச்சை, அதாவது அது நகரும் தூரத்தை, அதற்கேற்பக் கூட்டுவார், நான்கு கிராம் கூடினால் குறைப்பார். பார்ப்பதற்கு மிகவும் பொறுப்பான செயலாகத்தான் தெரியும். ஆனால் தற்செயலாக ஏறி இறங்கும் ஓர் எண்ணைத் துரத்திக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதே அளவுக்கு எதிர்த்திசையில் திருத்தினால், சிதறல் குறைவதற்குப் பதிலாகக் கூடும். தரக் கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்துச் செய்துகாட்டிய சோதனை இதுதான். இப்படிச் செய்யும் திருத்தத்தால் சிதறலை அளக்கும் விலக்க வர்க்கச் சராசரி இரண்டு மடங்காகிறது, அதாவது அதன் வர்க்கமூலமான திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.4 மடங்காகிறது. புள்ளியியல் பாடத்தில் இதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன், ஆனால் எண்ணெய் வாசனையுடன் அது என் எதிரே நிற்கும் என்று நினைத்ததில்லை.

இரண்டு வாரம் ஐந்தைந்து டின்களாக எடை போட்டு, 1924 இல் புள்ளியியலாளர் ஷூஹார்ட் வகுத்துக் கொடுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தில், அதாவது இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு மேலும் கீழும் எல்லைக் கோடு போட்ட வரைபடத்தில், புள்ளிகளைக் குறித்தேன். சராசரி எல்லைக் கோடுகளுக்குள் இருக்கும்வரை யாரும் வீச்சைத் தொடக்கூடாது, கோட்டைத் தாண்டினால் ஷிப்ட் சூப்பர்வைசரிடம் சொல்லி அவர் கையொப்பத்துடன்தான் திருத்த வேண்டும் என்று ஒரு பக்கத்தில் நடைமுறை எழுதிக்கொடுத்தேன். திட்ட விலக்கம் நான்கு கிராமிலிருந்து மூன்றுக்கும் கீழே வந்தது. ஆலை மேலாளர் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். அந்த வாரம் நாட்குறிப்பில் நான் எழுதிய பக்கங்களை இன்று படித்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த நடைமுறையைச் சுவரில் ஒட்டிய அன்று, அந்த இயந்திரத்தில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த ஆபரேட்டர் ஒருவர், “வெயில் காலத்தில் இந்தக் கணக்கு நிற்காது தம்பி” என்று சொன்னார். அனுபவக்காரர்கள் எந்த மாற்றத்தையும் எதிர்த்துச் சொல்லும் வழக்கமான வார்த்தை என்று நினைத்துச் சிரித்துவிட்டு நகர்ந்தேன். அதை நாட்குறிப்பில்கூட எழுதவில்லை.

ஏழாம் மாதத்தில் வெயில் ஏறியது. கலக்கும் தொட்டியில் எண்ணெயை 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். குளிர்ந்த மாதங்களில் அது நிரப்பும் இயந்திரத்தை வந்து சேர்வதற்குள் 25 டிகிரிக்கு ஆறிவிடும். வெயில் மாதத்தில் 42 டிகிரியில் வந்தது. கனிம எண்ணெய் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.0007 பங்கு விரியும். 17 டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 விழுக்காடு, ஒரு லிட்டர் டின்னில் அது பத்து கிராம். பிஸ்டன் அதே கன அளவைத்தான் ஊற்றியது, டின்னுக்குள் விழுந்த எண்ணெயின் எடை மட்டும் குறைந்தது. இரவு ஷிப்டில் புள்ளிகள் கீழ்க்கோட்டைத் தாண்டின. ஆபரேட்டர் நான் எழுதியபடியே வீச்சைத் தொடாமல் சூப்பர்வைசருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் வேறொரு லைனில் உடைந்த கன்வேயருடன் போராடிக்கொண்டிருந்தார். விடியும்வரை அந்த ஆபரேட்டர் கோட்டுக்கு வெளியே புள்ளிகளை மிக நேர்த்தியாகக் குறித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பழைய முறையாக இருந்திருந்தால் ஒரு நொடியில் கையால் திருத்தியிருப்பார். நான் எழுதிய தாள் அவர் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டின்களைத் தனியே ஒதுக்கி, ஒவ்வொன்றாகத் திரும்ப எடை போட வேண்டியிருந்தது. இரண்டு நாள் நானும் நின்று எடை போட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அதன் பிறகு செய்ததுதான் பொறியியல் என்று சொல்லத்தக்கது. நிரப்பும் இயந்திரத்துக்குள் எண்ணெய் நுழையும் இடத்தில் Pt100 என்ற பிளாட்டினம் வெப்ப உணரி ஒன்றைப் பொருத்தி, எந்த வெப்பநிலைக்கு எந்த வீச்சு என்று ஓர் அட்டவணை தயாரித்து, அந்த அட்டவணைக்கு உட்பட்டு ஆபரேட்டரே திருத்திக்கொள்ளலாம் என்று நடைமுறையை மாற்றினோம். அட்டவணைக்கான எண்களில் பாதி அந்தப் பதினெட்டு ஆண்டு ஆபரேட்டரின் சட்டைப்பை நோட்டிலிருந்து வந்தவை. உணரியைப் பொருத்துவதற்கு அரை நாள் போதுமானதாக இருந்தது; ஆனால் கொள்முதல் ஒப்புதல், வரைபடத் திருத்தம், குழாயில் துளையிடுவதற்கான அனுமதிச் சீட்டு, லைன் நிற்கும் நாளுக்கான காத்திருப்பு என்று ஏழு வாரம் ஓடியது. பத்தாம் மாதத்தில் வேலை முடிந்தது.

மூன்று மாதத்தில் நான் கிளம்பியிருந்தால் என் சான்றிதழில் திட்ட விலக்கம் குறைந்த கதை மட்டும் இருந்திருக்கும், அந்த இரண்டாயிரம் டின்களை வேறு யாரோ எடை போட்டிருப்பார்கள்.

மறுமொழி 2: அட்டவணைக்காரி

மேலே எழுதியவருக்கு நல்ல இடம் அமைந்தது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பொட்டலம் கட்டும் ஓர் ஆலையில் என் ஓராண்டு கழிந்தது. உங்களை எச்சரித்த நண்பர் சொன்னது அப்படியே எனக்கு நடந்தது: முதல் ஐந்து மாதம் ஆபரேட்டர்கள் தாளில் எழுதிக்கொடுக்கும் இயந்திர நிறுத்த நேரங்களைக் கணினி அட்டவணையில் ஏற்றினேன். எனக்கென்று ஒதுக்கப்பட்ட மேற்பார்வையாளர் இரண்டாம் மாதமே வேறு ஆலைக்கு மாற்றப்பட்டார். அவருக்குப் பதில் யார் என்பதை யாரும் தீர்மானிக்கவில்லை. கல்லூரியிலிருந்து பார்வையிட வந்த ஆசிரியரிடம் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னேன். அது என் தவறு. அவர் வந்ததே அதைக் கேட்பதற்காகத்தான்.

ஐந்து மாதம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு பலன் கிடைத்தது. அந்த அட்டவணை இயந்திரத்தின் ஒட்டுமொத்தத் திறனை, ஓஈஈ என்று எல்லோரும் சொல்லும் எண்ணை, கணக்கிடும்: இயங்கிய நேரத்தின் பங்கு, வேகத்தின் பங்கு, நல்ல பொருளின் பங்கு ஆகிய மூன்றின் பெருக்கம் அது. 90, 95, 99 விழுக்காடு என்று மூன்றும் இருந்தால் பெருக்கம் 85ஐ ஒட்டி வரும். அந்த 85தான் பல ஆலைகளில் சுவரில் எழுதிவைத்திருக்கும் இலக்கு. எங்கள் எண் மாதந்தோறும் 83 காட்டியது. ஒருநாள் வேகத்துக்கான கட்டத்தில் இருந்த சூத்திரத்தைத் திறந்து பார்த்தேன். விடை 100ஐத் தாண்டினால் 100 என்றே காட்டு என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். ஓர் இயந்திரம் தன் முழு வேகத்தை எப்படித் தாண்ட முடியும் என்று தேடிப் போனபோது, அட்டவணையில் இருந்த நிமிடத்துக்கு 60 பொட்டலம் என்ற வேகம் பழைய இயந்திரத் தலைக்கு உரியது என்பதும், தலையை மாற்றிய பிறகு அது 80 பொட்டலம் கட்டக்கூடியது என்பதும் தெரிந்தது. சரியான வேகத்தைப் போட்டு, அந்தத் தடையையும் எடுத்துவிட்டுக் கணக்கிட்டால் 83 என்ற எண் 64க்குச் சரிந்தது.

நான் எதிர்பார்த்த பாராட்டு வரவில்லை. உற்பத்திப் பிரிவின் தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இந்த ஆண்டு இலக்குகள் ஏற்கெனவே கையொப்பமாகிவிட்டன, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். நான் கிளம்பும் நாளிலும் அட்டவணை 83 தான் காட்டிக்கொண்டிருந்தது. என் இறுதி அறிக்கையில் அதை எழுதுவதற்கும் நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. பெயர்களையும் உண்மையான எண்களையும் மாற்றிய பிறகே அனுமதித்தார்கள். இங்கே நான் கொடுத்திருப்பவையும் அந்த மாற்றிய எண்களே.

கணக்கு மறந்துபோகும் என்ற உங்கள் பயம் நியாயமானது. திரும்பி வந்தபோது பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் எனக்கு அந்நிய மொழி போலிருந்தன; பழைய நிலைக்கு வர ஆறு வாரம் பிடித்தது. ஆனால் காலை எட்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததால் அந்த ஆறு வாரத்தைத் தாங்க முடிந்தது. மொத்தத்தில் என் ஆண்டில் பாதி வீணானது என்றுதான் சொல்வேன்; எந்தப் பாதி என்று கேட்டால் இன்னமும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுமொழி 3: பராமரிப்புப் பிரிவு

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆலைப் பராமரிப்பில் இருக்கிறேன். ஓராண்டுப் பயிற்சிக்கு வரும் மாணவர்களைப் பல முறை பொறுப்பேற்றிருக்கிறேன். மறுபக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

வரும் மாணவர் முதல் மூன்று மாதம் எங்களுக்குச் செலவு. அவரைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்ல வேண்டும், அவர் தனியாகப் போக முடியாத இடங்களுக்கு ஒருவர் துணைக்குப் போக வேண்டும். நான்காம் மாதத்துக்கு மேல் கொடுப்பதும் வாங்குவதும் சமமாகும். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகுதான் அவர் இல்லாத நாளில் அவரைத் தேடுவோம். ஆகவே மூன்று மாதத்துக்கு மட்டும் வருகிறவருக்கு நான் என்ன வேலை கொடுப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்: முடிக்காமல் போனாலும் யாருக்கும் நட்டமில்லாத வேலையைத்தான் கொடுப்பேன். ஓராண்டு இருக்கப்போகிறவரிடம் மட்டும்தான், தவறினால் எனக்கும் வலிக்கக்கூடிய ஒன்றை ஒப்படைக்க நான் துணிவேன்.

எண்ணெய்க்கறை எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த நடைமுறைத் தாளில் அவர் மட்டும் கையெழுத்திட்டிருக்க முடியாது. நிச்சயம் ஒரு பொறியாளரும் கையெழுத்திட்டிருப்பார். இரவில் சூப்பர்வைசர் இரண்டு லைன்களைப் பார்த்துக்கொள்கிறார் என்பது மாணவருக்குத் தெரியாமல் போகலாம், அந்தப் பொறியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த டின்களில் பாதி அவருடையவை.

அட்டவணைக்காரிக்கு நடந்ததைத் தவிர்க்க, நேர்காணலிலேயே நீங்கள் சில கேள்விகளைக் கேட்கலாம். அப்படிக் கேட்கும் மாணவரை நாங்கள் தவறாக நினைப்பதில்லை. போன ஆண்டு இருந்த மாணவர் என்ன செய்தார், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால், அந்த இடத்தில் மாணவரின் வேலையை யாரும் கவனித்ததில்லை என்று பொருள். உங்களுக்குப் பொறுப்பாளர் யார், அவர் மாறினால் அடுத்தவர் யார் என்று கேளுங்கள். ஷிப்டில் போட்டுப் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். பகல் நேர அலுவலக வேலையை மட்டும் பார்த்தவருக்கு ஆலையின் பாதி தெரியாது, ஏனென்றால் பழுதுகளுக்குக் கடிகாரம் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கடுமையானவன். இயந்திரத்துக்குள் கைவைக்கும் முன் மின்சாரத்தையும் அழுத்தக் காற்றையும் துண்டித்துப் பூட்டுப் போடும் லாக்அவுட் முறையில், ஒவ்வொருவருக்கும் அவரவர் பூட்டு, அவரவர் சாவி. ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு தொங்க வேண்டும், மாணவருடையதும் சேர்த்து. ஒருமுறை ஒரு மாணவர் தன் சாவியை நண்பரிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். இயந்திரம் நின்றிருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இரண்டு வாரம் அவரை ஆலைக்குள் அனுமதிக்காமல் அலுவலகத்தில் உட்காரவைத்தேன். இந்தப் பழக்கம் படிந்திருக்கிறதா என்பதைப் பார்க்காமல் ஒரு பட்டதாரியை எந்தப் பராமரிப்புக் குழுவும் சேர்த்துக்கொள்ளாது. எந்த வகுப்பறையிலும் அதைப் பழக்கிவிட முடியாது.

கேட்டவர்: பட்டறைப் புதியவன்

மூவருக்கும் நன்றி. எண்ணெய்க்கறை எழுதியதைப் படித்தபோது போக வேண்டும் என்றும், அட்டவணைக்காரி எழுதியதைப் படித்தபோது வேண்டாம் என்றும், பராமரிப்புப் பிரிவு எழுதியதைப் படித்த பிறகு கேட்டுப் பார்த்து முடிவுசெய்யலாம் என்றும் தோன்றுகிறது.

ஒரு துணைக்கேள்வி. எங்கள் துறையில் வாராந்திர நாட்குறிப்பும் இறுதி அறிக்கையும் எழுதித் தர வேண்டும். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. முந்தைய மாணவர்களின் நாட்குறிப்புகளைப் பார்த்தேன். “கூட்டத்தில் கலந்துகொண்டேன், அறிக்கை தயாரித்தேன், நிறைய கற்றுக்கொண்டேன்” என்றே ஐம்பது வாரமும் இருக்கிறது. இதில் என்ன எழுதுவது?

மறுமொழி 4: வருகை ஆசிரியர்

பயிற்சியில் இருக்கும் மாணவர்களை ஆலைக்கே சென்று பார்த்துவருவது என் பணிகளில் ஒன்று. “எல்லாம் நன்றாக இருக்கிறது ஐயா” என்ற வாக்கியத்தை நான் கேட்ட அளவுக்கு வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போதெல்லாம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. கடைசியாக யாருடன் கருத்து வேறுபட்டீர்கள் என்று கேட்கிறேன்.

கால அளவைப் பற்றிய உங்கள் ஐயம் இந்த முறையின் வயதுக்குச் சமமானது. 1906 இல் ஹெர்மன் ஷ்னைடர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்குக் கூட்டுறவுக் கல்வி என்ற பெயரில் இதைத் தொடங்கியபோது, மாணவர்கள் ஒரு வாரம் வகுப்பிலும் மறு வாரம் பட்டறையிலுமாக இணை இணையாக மாறி மாறி இருந்தார்கள். ஒருவர் வகுப்புக்குப் போனால் அவரது இணை அந்த வேலையைத் தொடர்வார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 இல் இம்முறையுடனேயே தொடங்கியது. அங்கே இப்போது நான்கு மாதப் படிப்பும் நான்கு மாத வேலையும் மாறி மாறி வருகின்றன. பிரிட்டனில் இதற்கு சாண்ட்விச் படிப்பு என்று பெயர். ஓராண்டை ஒரே துண்டாக வைத்தால் தடித்த சாண்ட்விச், ஆறு மாதமாகப் பிரித்து வைத்தால் மெல்லிய சாண்ட்விச் என்று வேடிக்கையாக அல்ல, அலுவல் முறையாகவே சொல்வார்கள். படித்தது மறந்துபோகும் என்ற கவலைக்கு மெல்லியது நல்ல மருந்து. ஆனால் தொடங்கிய வேலையின் விளைவை இருந்து பார்ப்பதற்குத் தடித்ததை விட்டால் வழியில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் அடைய முடியாது என்பதால்தான் ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு அளவை வைத்திருக்கிறார்கள்.

கணக்குக்கு ஒரு சிறிய யோசனை: ஆலையில் நீங்கள் எதிர்கொள்ளும் ஏதாவது ஒன்றை மாதத்துக்கு ஒரு முறையாவது கையால் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு குழாயின் அழுத்த இழப்பு, ஒரு தண்டின் முறுக்குத் தகைவு, ஒரு தொட்டி ஆறும் வேகம் என்று எதுவாகவும் இருக்கலாம். விடை ஆலையின் மானியில் காட்டும் எண்ணுடன் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்பதைத் தேடும்போது பாடப்புத்தகம் தானாகத் திறக்கும்.

நாட்குறிப்புக்கு வருகிறேன். நடந்ததை நடந்த பிறகு எழுதினால் நீங்கள் பார்த்ததைப் போன்ற வாக்கியங்கள்தான் வரும், ஏனென்றால் முடிவு தெரிந்த பிறகு எல்லாமே எதிர்பார்த்ததுபோலத் தோன்றும். ஆகவே ஒரு வேலையைத் தொடங்கும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதை எண்ணுடன் எழுதிவிடுங்கள். நடந்து முடிந்ததும் அதன் கீழே உண்மையான எண்ணை எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பற்றி எழுதும் நான்கு வரிகளுக்குத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன். அத்துடன், யாராவது உங்கள் வேலையைக் குறித்து உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால், அவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல் தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்கறை அந்த ஆபரேட்டரின் வாக்கியத்தை மூன்றாம் மாதத்திலேயே எழுதி வைத்திருந்தால், ஆறாம் மாத முடிவில் நான் பார்வையிட வரும்போது அது என் கண்ணில் பட்டிருக்கும். வெயில் காலம் எப்போது என்று கேட்டிருப்பேன்.

மறுமொழி 5: எண்ணெய்க்கறை

பராமரிப்புப் பிரிவு சொன்னது சரி. தாளில் இரண்டாவது கையெழுத்து இருந்தது. எடை போட்ட இரண்டாம் நாள் மாலையில் அந்தப் பொறியாளரும் கையுறையுடன் வந்து என் பக்கத்தில் நின்றார். அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

வருகை ஆசிரியர் சொன்ன நாட்குறிப்பு முறையைப் பற்றி ஒன்று. பத்தாம் மாதத்துக்குப் பிறகு, விடுபட்ட அந்த வாக்கியத்தை மூன்றாம் மாதப் பக்கத்தில் சேர்த்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சேர்க்கவில்லை. அறிக்கையில், அவர் சொன்னார், நான் எழுதவில்லை என்று அப்படியே எழுதினேன். வாய்மொழித் தேர்வில் நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் அதைப் பற்றியே கேட்டார்கள்.

கேட்டவர்: பட்டறைப் புதியவன்

நேர்காணல் நேற்று முடிந்தது. கடந்த ஆண்டு மாணவர் என்ன செய்தார் என்று கேட்டேன். நேர்காணல் செய்தவர்களில் ஒருவர் உடனே எழுந்து, வாருங்கள் காட்டுகிறேன் என்று உள்ளே அழைத்துப் போனார். ஓர் அழுத்தக் காற்றுக் குழாயின் கசிவுகளுக்கு எண்ணிட்ட சீட்டுகள் தொங்கவிட்டிருந்தார்கள். நாற்பத்தொரு சீட்டுகளில் பதினாறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. மீதியை யார் முடிப்பது என்று கேட்டேன். நீங்கள் வந்தால் நீங்கள்தான் என்றார். பொறுப்பாளர் மாறினால் அடுத்தவர் யார் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. விசாரித்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.